கடல் கடக்கும் மாணவரும் மருத்துவப் படிவமும்: ஒரு வரலாற்றுப் பார்வை

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் தில்லியில் நம்மவர் வீடுகள் சிலவற்றில் பெரிய பெட்டிகள் பரணிலிருந்து இறங்கும். மகனோ மகளோ ஆகஸ்டில் அமெரிக்காவுக்கோ செப்டம்பரில் இங்கிலாந்துக்கோ படிக்கப் போகிறார்கள் என்று பொருள். விசா வந்திருக்கும், டிக்கெட் எடுத்திருப்பார்கள், பிரஷர் குக்கரும் பருப்புப்பொடியும் கூட வாங்கியாகியிருக்கும். கடைசியில் மிஞ்சுவது ஒரு மருத்துவப் படிவம்.

அப்படி ஒரு படிவத்தோடு ஒரு தம்பதி தங்கள் மகளையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். தடுப்பூசித் தேதிகள், காசநோய்ப் பரிசோதனை, காப்பீடு என்று நாலைந்து பக்கம். "முந்தைய நோய்கள்" என்ற கட்டத்தில் அந்த அம்மாவின் விரல் நின்றது.

"சார், இவளுக்கு அஞ்சு வயசுல பிரைமரி காம்ப்ளெக்ஸுன்னு ஆறு மாசம் மருந்து குடுத்தோம். அதையெல்லாம் எழுதணுமா? அட்மிஷன் கேன்சல் ஆயிடாதே?"

அப்பா இன்னும் சுருக்கமாகக் கேட்டார். "இல்லைன்னு போட்டுடலாமா சார்?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. அதே கட்டத்தில் "இல்லை" என்று ஒருமுறை எழுதியவன் நான். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், இந்தப் படிவத்தின் ஒவ்வொரு கட்டமும் எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். அதில் பாதி நம் ஊர்ச் சரித்திரம் என்பது பலருக்குத் தெரியாது.

கப்பலேறிய காலம்

மராட்டியப் பெண்மணி ஆனந்திபாய் ஜோஷி 1883-ல் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1886 மார்ச்சில் பட்டம் பெற்றார். அங்கே பிடித்த காசநோயோடு ஊர் திரும்பி, 1887 பிப்ரவரியில் புனேயில் இறந்தார். வயது 21. மருத்துவம் படிக்கப் போன பெண்ணையே அந்த நோய் கொண்டுபோயிற்று.

அன்று அரசாங்கங்களின் கவலை, வருகிறவன் தொற்றுநோயைக் கொண்டுவருவானா என்பதுதான். வந்த பிறகு அவன் உடம்பு என்ன ஆகும் என்பது பெரும்பாலும் அவன் பாடு. பின்னாளில் பெரியம்மை குத்திக்கொண்டதற்கான சர்வதேசச் சான்றிதழ் வந்தது. வெளிநாடு போன நம் மூத்த தலைமுறை அந்த மஞ்சள் புத்தகத்தைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக் காப்பாற்றியது. இந்தியாவில் பெரியம்மை 1975-ல் ஓய்ந்தது. உலகிலிருந்தே ஒழிந்தது என்று 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அம்மை குத்திய தழும்பு பெரியவர்கள் கையில் தங்கிவிட்டது, சான்றிதழ் போய்விட்டது.

ராமானுஜன் பட்ட பாடு

வெளிநாடு போன தமிழ் மாணவரின் உடல்நலம் என்று பேச்செடுத்தால் கணிதமேதை ராமானுஜனைத் தாண்டிப் போக முடியாது. 1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை கொடுத்தது. ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டது. சுத்த சைவரான அவர் கேம்பிரிட்ஜில் தானே சமைத்துக்கொண்டார். போர்க்காலத்தில் காய்கறிக்கும் தட்டுப்பாடு. நேரத்துக்குச் சாப்பாடு இல்லை, சரியான தூக்கம் இல்லை.

1917-ல் படுத்தார். கேம்பிரிட்ஜ் மருத்துவ இல்லம், மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம், டெர்பிஷயரில் மேட்லாக் என்ற ஊரில் இன்னொன்று, பிறகு லண்டன், அதன்பின் பட்னி. சுமார் இரண்டு ஆண்டுகள் அவர் வாழ்க்கை இப்படியே போயிற்று. குடற்புண் என்றார்கள், புற்றுநோயோ என்று சந்தேகப்பட்டார்கள், கடைசியில் காசநோய் என்றே வைத்தியம் நடந்தது. காசநோய்க்கு அந்தக் காலத்தில் மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு, இவ்வளவுதான் வைத்தியம். ஜன்னலைத் திறந்துபோட்ட குளிர் அறையில் கும்பகோணத்து மனிதர் ஒருவர் எப்படி இருந்திருப்பார்! நாக்குக்குப் பிடித்த சாப்பாடும் அங்கே கிடைக்கவில்லை. ஊரிலிருந்து கடிதங்களும் குறைந்துபோயின. 1918-ன் தொடக்கத்தில் மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். நல்லவேளையாக அது தடுக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார், டிரினிடி கல்லூரியின் ஃபெல்லோவும் ஆனார். பட்டம் வேறு, உடம்பும் மனசும் வேறு என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

1994-ல் டாக்டர் யங் என்ற ஆங்கிலேயர், கிடைத்த குறிப்புகளை எல்லாம் அலசி ஒரு கட்டுரை எழுதினார். ராமானுஜனுக்கு வந்தது காசநோய் அல்ல, ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. இந்தியாவில் இருந்தபோது ராமானுஜனுக்குக் கடுமையான வயிற்றுக்கடுப்பு வந்திருந்தது. அந்தக் கிருமி உடம்பில் பல ஆண்டு பதுங்கியிருந்து பிறகு ஈரலுக்குப் போகக்கூடியது. இத்தனைக்கும் அமீபாவுக்கு மருந்து அன்றே இருந்தது. கல்கத்தாவில் பணியாற்றிய லியோனார்ட் ரோஜர்ஸ் எமிட்டீன் ஊசியின் பயனை 1912-லேயே காட்டியிருந்தார். யங் சொல்வது சரியென்றால், பழைய நோயையும் புதிய காய்ச்சலையும் யாராவது முடிச்சுப் போட்டுப் பார்த்திருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்கலாம்.

"முந்தைய நோய்கள்" என்ற கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவுதான் வரும்.

சானடோரியத்திலிருந்து சேத்துப்பட்டு வரை

மெண்டிப் சானடோரியத்தை நடத்தியவர் ஓர் இந்திய டாக்டர், டேவிட் சௌரிமுத்து. சென்னைப் புறநகர் ரயிலில் போனவர்களுக்கு, குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 'சானடோரியம்' என்றொரு ஸ்டேஷன் வருவது தெரியும். அங்கே 1928-ல் காசநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர் இதே சௌரிமுத்துதான். 1937-ல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது.

ஆனால் சானடோரியம் என்ற முறைக்கே முடிவு கட்டியதும் சென்னைதான். 1944-ல் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952-ல் ஐசோனியசிட்டும் வந்த பிறகு ஒரு கேள்வி எழுந்தது. மருந்து இருக்கும்போது நோயாளியை வருஷக்கணக்கில் வீட்டைவிட்டுப் பிரித்து வைக்கத்தான் வேண்டுமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து 1956-ல் சென்னையில் ஒரு மையம் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் இயக்குநர். 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் மற்றதை நெரிசலான வீடுகளிலேயும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். அதனால் வீட்டாருக்குத் தொற்றும் கூடவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த மையம் வளர்ந்து இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது, ராமானுஜன் கண்மூடிய அதே சேத்துப்பட்டில்.

காசநோய் தீரக்கூடிய நோய், நோயாளியை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை என்று உலகுக்குச் சொன்ன ஊர் நம்முடையது. அப்படிப்பட்ட நாமே அந்த நோயை மாப்பிள்ளை வீட்டாரிடமும் மறைக்கிறோம், மருத்துவப் படிவத்திலும் மறைக்கிறோம்.

கை வீக்கத்தின் கதை

படிவத்தில் அடுத்து வருவது காசநோய்ப் பரிசோதனை. முன்கையில் ஒரு சிறு ஊசி போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளப்பார்கள். நம் பிள்ளைகள் பலருக்கு அது சிவந்து வீங்கும். "நல்லா இருக்கிற பிள்ளைக்கு டி.பி.ங்கறாங்களே!" என்று இங்கே வீட்டில் அழுகை.

காரணம் பல சமயம் இடது தோளில் இருக்கும் தழும்புதான். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசி, இந்தச் சோதனையில் தடிப்பை உண்டாக்கக்கூடும். அந்த ஊசிமருந்தை நாட்டுக்கே தயாரிக்க 1948-ல் சென்னை கிண்டியில் ஆய்வுக்கூடம் அமைந்தது. பி.சி.ஜி. எந்த அளவு காக்கிறது என்று பார்க்க, 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து மாபெரும் ஆய்வு ஒன்று தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைகளுக்கு அது நல்ல காவல். அதனால்தான் இன்றும் போடுகிறோம்.

இதற்கு மாற்றாக இப்போது ரத்தப் பரிசோதனை இருக்கிறது. பி.சி.ஜி. போட்டதால் அது ஏமாறாது. எனவே, படிவம் இடம் தந்தால் ரத்தப் பரிசோதனையையே கேட்டுச் செய்துகொள்வது நல்லது. அதிலும் "பாசிட்டிவ்" வந்தால் நோய் என்று பொருளில்லை. கிருமி உடம்பில் உறங்கிக்கொண்டிருக்கலாம் என்றுதான் பொருள். எக்ஸ்ரே எடுப்பார்கள், தேவைப்பட்டால் மருந்து தருவார்கள். அதற்காகப் படிப்பைப் பறிப்பதில்லை.

இங்கிலாந்தில் வேறு முறை இருந்தது. நீண்ட காலம் தங்க வருபவர்களை ஹீத்ரோ விமான நிலையத்திலேயே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த காலம் ஒன்று உண்டு. புறப்படும் நாட்டிலேயே சோதிப்பது என்று 2005-ல் சில நாடுகளில் முன்னோட்டம் நடத்தி, 2012 முதல் இந்தியா உட்பட மற்ற நாடுகளுக்கும் விரித்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் படிக்கப் போகிறவர், அங்கீகாரம் பெற்ற மையத்தில் எக்ஸ்ரே எடுத்துச் சான்றிதழ் வாங்கினால்தான் விசா. சான்றிதழுக்கு ஆறு மாதம்தான் ஆயுள் என்பதால் ரொம்பவும் முந்தி எடுத்துவிடக் கூடாது.

நாலு ஊரில் போட்ட ஊசிகள்

தடுப்பூசிப் பக்கத்துக்கு வருவோம். நம்மைப் போல ஊர் ஊராக மாற்றலாகும் குடும்பங்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. பிரசவம் மாயவரத்தில் தாய்வீட்டில். முதல் ஊசி அங்கே. அடுத்தது நாக்பூரில், பூஸ்டர் போபாலில். அட்டை எந்தப் பெட்டியில் போயிற்றோ, தெய்வத்துக்குத்தான் வெளிச்சம்.

அமெரிக்காவில் மாணவர் உடல்நலத்துக்கென்று கல்லூரியே பொறுப்பேற்ற கதை, ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 1861-ல் தொடங்குகிறது. எட்வர்ட் ஹிட்ச்காக் என்ற டாக்டர் அங்கே மாணவர்களின் உடலை அளந்து குறித்து, சுகாதாரம் கற்பித்து வந்தார். 1920-ல் இத்தகைய கல்லூரிகளுக்கெனத் தனிச் சங்கமும் உருவாயிற்று. ஆனால் தடுப்பூசி விஷயத்தில் கெடுபிடி வந்தது 1980-களில். 1985-ல் இலினாய் மாநிலத்தில் ஒரு சிறிய கல்லூரியில் தட்டம்மை புகுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் படுத்தார்கள், 3 பேர் இறந்தார்கள். ஒரு ஊசி போட்டவர்களிலும் சிலருக்குக் காப்பு ஏற்படுவதில்லை என்பது தெரிந்து, 1989-ல் இரண்டாவது ஊசியும் வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசி இரண்டு தவணை என்று படிவத்தில் இருப்பது அதனால்தான்.

நம் நாட்டில் 1985-ல் தொடங்கிய தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மைக்கு ஒரே ஊசிதான் இருந்தது, ஒன்பதாம் மாதத்தில். இரண்டாம் தவணை 2010-ல்தான் சேர்ந்தது. ரூபெல்லா ஊசி 2017-ல் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் முதலில் வந்தது. ஆகவே, "அரசாங்க ஆஸ்பத்திரியில எல்லா ஊசியும் போட்டாச்சே" என்று தாய் சொல்வதும் உண்மை, "இரண்டு எம்.எம்.ஆர். இல்லையே" என்று பல்கலைக்கழகம் சொல்வதும் உண்மை. சண்டை போட்டுப் பயனில்லை. அட்டை கிடைக்காவிட்டால் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று சோதிக்கலாம், அல்லது மறுபடி போட்டுக்கொள்ளலாம். இரண்டு தவணைக்கும் இடையே குறைந்தது 28 நாள் வேண்டும் என்பதால், ஜூலை கடைசியில் விழித்துக்கொண்டால் நேரம் போதாது.

பணம் யார் கட்டுவது?

பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. ராமானுஜன் காலத்தில் அது இல்லை. பிறகு பல பத்தாண்டுகள், நீண்ட படிப்புக்கு வந்த வெளிநாட்டு மாணவரும் தனிக்கட்டணம் இல்லாமல் அதைப் பயன்படுத்தினர். 2015 ஏப்ரலில் விசாவோடு சேர்த்துச் சுகாதாரக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். மாணவருக்கு ஆண்டுக்கு 150 பவுன். 2024 பிப்ரவரியில் அது 776 பவுன் ஆயிற்று. இவ்வளவு கட்டிவிட்டு, போய்ச் சேர்ந்ததும் அருகிலுள்ள குடும்ப டாக்டரிடம் பெயர் பதிவுசெய்யாமல் இருந்துவிடும் பிள்ளைகள் உண்டு. முதல் வாரத்திலேயே செய்துவிட வேண்டும்.

அமெரிக்காவில் அப்படி ஒரு பொதுச் சேவை மாணவருக்கு இல்லை. அங்கே பெரும்பாலும் பல்கலைக்கழகமே ஒரு காப்பீட்டைக் கட்டாயமாக்கும். இங்கே வாங்கும் மலிவான பயணக் காப்பீடு, ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பல சமயம் பணம் தராது. பல்கலைக்கழகக் காப்பீட்டில், 2010-ல் வந்த சட்டத்தின் பயனாக, 2014 முதல் பழைய நோயைக் காரணம் காட்டி ஒதுக்க முடியாது. நூறு இருநூறு டாலர் மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் இந்த வேறுபாட்டை முதலில் படித்துப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் மாணவர் காப்பீடு விசாவுக்கே நிபந்தனை.

இன்னொன்று. 18 வயது முடிந்த மாணவரின் மருத்துவ விவரத்தை, அவர் சம்மதம் இல்லாமல் பெற்றோருக்கும் சொல்ல மாட்டார்கள். இங்கிருந்து போன் போட்டு அதட்டினாலும் பலிக்காது. முதலில் கோபம் வரும். ஆனால் அந்த ரகசியக் காப்பு இருப்பதால்தான், வீட்டில் சொல்ல முடியாத மனக்கஷ்டத்தோடு ஒரு பிள்ளை அங்குள்ள ஆலோசகரிடம் போய் உட்கார முடிகிறது. பட்னியில் படுத்திருந்த ராமானுஜனுக்கு அப்படி ஓர் ஆள் கிடைக்கவில்லை.

நான் எழுதிய "இல்லை"

இப்போது என் கதை. 1986-ல் நாங்கள் நாக்பூரில் இருந்தபோது என் மகனுக்கு வயது ஐந்து. இருமல் விடாமல் இருந்து, பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்றார் டாக்டர். மாதக்கணக்கில் மருந்து கொடுத்தோம். சரியாயிற்று. சீட்டையும் எக்ஸ்ரேயையும் என் தாயார் கிழித்துப் போட்டுவிட்டார். "யார்கிட்டயும் வாயத் திறக்கப்படாது" என்று உத்தரவு. மகனுக்கும் அதே பாடம்.

2003-ல் அவன் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனபோது படிவத்தை நிரப்பியவன் நான். "இல்லை" என்று எழுதினேன். அங்கே கையில் ஊசி போட்டதும் பெரிதாகத் தடித்தது. எக்ஸ்ரேயில் பழைய தழும்பு ஒன்று தெரிந்தது. "முன்பு எப்போதாவது இதற்கு மருந்து சாப்பிட்டாயா?" என்று கேட்டார்கள். சொல்லிக்கொடுத்த பிள்ளை, "இல்லை" என்றான். மூன்று நாள் சளி எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வரும்வரை வகுப்பில் சேர்க்கவில்லை. கிருமி இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் ஒன்பது மாதம் தினமும் மாத்திரை சாப்பிடச் சொன்னார்கள். உடன் இருந்த பையன்களுக்குத் தெரியாமல் மாத்திரை டப்பாவைச் சூட்கேஸ் அடியில் வைத்துச் சாப்பிட்டிருக்கிறான். எங்களுக்கும் சொல்லவில்லை.

மூன்று வருஷம் கழித்து ஊருக்கு வந்தபோதுதான் சொன்னான். "அப்பா, நாக்பூர் டாக்டர் சீட்டு ஒண்ணு இருந்திருந்தா அந்த ஒன்பது மாசம் வேண்டியிருந்திருக்காதாம். அங்க டாக்டர் அப்புறம் சொன்னார். நான்தான் உங்க பேரைக் கெடுக்கக் கூடாதேன்னு பேசாம இருந்துட்டேன்." அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தப் பல்கலைக்கழகம் தவறு ஏதும் செய்யவில்லை. கொடுத்த தகவலை வைத்து நடந்துகொண்டார்கள். தகவல்தான் பொய்.

அன்று என் வீட்டுக்கு வந்த தம்பதியிடம் இதைத்தான் சொன்னேன். அந்த அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "டாக்டர் இன்னும் லக்ஷ்மிநகர்லதான் இருக்கார், கேட்டா எழுதிக் குடுப்பார்" என்றார். எந்த ஆண்டு, என்ன மருந்து, எத்தனை மாதம், முழுதாகச் சாப்பிட்டாளா என்று நாலு வரி ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, புது எக்ஸ்ரேயோடு பிரதி எடுத்து, கைப்பெட்டியில் வைக்கச் சொன்னேன். அந்தக் கட்டத்தில் "ஆம்" என்று எழுதியது அந்தப் பெண்ணே. அம்மாவின் பேனாவை வாங்கி, தன் கையெழுத்தில் எழுதினாள்.

அட்மிஷன் கேன்சல் ஆகவில்லை. போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் சுகாதார மையத்தில் அந்தக் கடிதத்தைப் பார்த்து, எக்ஸ்ரேயைப் பார்த்து, இருமல் காய்ச்சல் உண்டா என்று கேட்டு, அனுப்பிவிட்டார்களாம். "அஞ்சு நிமிஷம்தான் தாத்தா" என்று போனில் சொன்னாள்.

இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களில் அடுத்த ஆண்டு பெட்டி கட்டப்போகிற பிள்ளைகள் இருப்பார்கள். பருப்புப்பொடியோடு ஒரு பழைய மருந்துச் சீட்டையும் வையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.